லீலா வைத்தது

ஒன்பது பத்துக்கு சுவிட்சை அணைத்தேன். ஏழு வருடமாக அடுக்களை மூலையில் முனகிக்கொண்டிருந்த சத்தம் ஒரு குலுக்கலோடு நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிகிறது. இப்போது ஓட்டின்மேல் அணில் ஓடுவது கேட்கிறது, குழாய் சொட்டுவது கேட்கிறது, என் மூச்சு கேட்கிறது. ஒரு மணிக்கு தம்பி பெண்டாட்டி லீலா வண்டி கொண்டு வருகிறாள், ஃபிரிட்ஜை எடுத்துப் போக. மூன்று மணி ஐம்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் ஐஸ் முழுக்க உருகி, வடிந்து, துடைத்து, காய்ந்து, உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் கொடுத்துவிட வேண்டும். அவளுடைய சாமான். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, தம்பி டெனிசன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். "அக்கா, லீலா அந்த ஃபிரிட்ஜ எடுத்துக்கிடட்டா? அங்க அவளுக்குத் தயிரு வைக்கக்கூட வழியில்ல. ஒனக்கு நான் புதுசு வாங்கித் தாறேன்" என்றான். எனக்கு எதுக்கு, நான் ஒருத்தி என்னத்த வைக்கப்போறேன் என்றேன். "கோவமா சொல்லுதியா, சாதாரணமா சொல்லுதியா?" "சாதாரணமாத்தான்." அவன் சிரித்தான். "ஒனக்க சாதாரணம் எது, கோவம் எதுன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றான். அது உண்மைதான். எனக்கு ஒரே குரல். அறுபத்தேழு வருடத்தில் நான் யாரையும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடத் தெரிந்திருந்தால், சண்டை போட்டு அழுது மூக்கைச் சிந்தி மறுநாள் காலையில் காப்பியோடு சரியாகிப் போகிற பெண்களில் ஒருத்தியாக இருந்திருந்தால், லீலா இன்றைக்கு இந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, மயினி, தள்ளுங்க, நீங்க கால வழுக்கி விழுந்தா உங்க தம்பிக்கு யாரு பதில் சொல்லுவா என்று என்னை விரட்டிக்கொண்டிருப்பாள்.

ஃபிரீசர் கதவைத் திறந்தேன். வெள்ளைப் புகை காலில் விழுந்தது. உள்ளே இருப்பது இரண்டு பாக்கெட் பலாச்சுளை, பாக்கெட்டுக்கு இருபது. வேறொன்றும் இல்லை. இரண்டின் மேலும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி பேனாவால் எழுதியிருக்கிறேன். 'லீலா வைத்தது.' நான் எழுதிய மற்றப் பாக்கெட்டுகளில் எல்லாம் தேதி இருக்கும், எண்ணிக்கை இருக்கும். இந்த இரண்டில் மட்டும் ஆளின் பெயர். எழுதும்போது உள்ளதை எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன். இரண்டையும் எடுத்து அலுமினியச் சருவத்தில் போட்டு மேசைமேல் வைத்தேன். கல்லைப் போட்டதுபோல சத்தம் வந்தது. ஜனவரியிலிருந்து இவற்றை நான் தொடவில்லை. தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. ஐஸ் மண்டிக் கதவு சரியாக மூடாதபோதும் ஃபிரிட்ஜை ஒருநாள் நிறுத்திச் சுத்தம் செய்யாததற்கு இதுதான் காரணம். நிறுத்தினால் இவை உருகும். உருகினால் தின்ன வேண்டும் அல்லது கொட்ட வேண்டும், இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை உருகினதை மறுபடியும் உறைய வைக்கக் கூடாது என்று லீலாதான் சொன்னாள். மாதத்துக்கு ஒருநாள் கரண்ட் நிற்கும்போதுகூட ஃபிரிட்ஜின் மேல் சாக்கும் பழைய போர்வையும் போட்டு மூடி, கதவைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், காய்ச்சல்காரரின் பக்கத்தில் உட்காருவதுபோல. பின்சுவரில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ் பிடித்திருக்கிறது. கத்தியால் குத்தக் கூடாது, ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும் என்பதும் லீலா சொன்னதுதான். ஒரு செம்பில் வெந்நீர் வைத்து உள்ளே தள்ளிவிட்டு, கீழே மூன்று பழைய சேலையை விரித்து, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முதல் சொட்டு ஒன்பது இருபத்தைந்துக்கு விழுந்தது.

யோசித்துப் பார்த்தால் பெட்டி அவளுடையது, முறையும் அவளுடையது, எண்ணிக்கை மட்டும்தான் என்னுடையது. அவள் வருகிறவரை இந்த வீட்டில் பலாச்சக்கை பழுத்தால் தின்போம், மிஞ்சினால் வெல்லம் போட்டு வரட்டிக் கிண்டுவோம், அதற்கும் மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குப் போகும். டெனிசனுக்கு டிசம்பரில்தான் லீவு. நம் மரம் பழுப்பது மேயிலும் ஜூனிலும். அவன் போன் செய்யும்போதெல்லாம் மரத்தைப் பற்றித்தான் கேட்பான், காக்கா கொத்துதா, கீழே விழுந்துதா என்று. கல்யாணமான முதல் வருடம் லீலா அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "மயினி, அவருக்கு எடுத்து வைப்போமா?" என்றாள். அவள் வேலை பார்க்கும் தையல் கடையில் யாரோ சொல்லிக் கொடுத்ததாம். கையில் தேங்காயெண்ணெய் தடவி, பழத்தைப் பிளந்து, சுளை சுளையாக எடுத்து, கொட்டையை நீக்கி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் பரத்தி ஃபிரீசரில் வைக்க வேண்டும். அஞ்சு மணிநேரத்தில் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும். அப்புறம்தான் கவரில் போட வேண்டும். அப்படியே அள்ளிக் கவரில் போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், ஒன்று எடுக்க முடியாது, எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கவரின் வாயில் ஜூஸ் குடிக்கிற குழலைச் செருகி அவள் காற்றை உறிஞ்சுவாள். கன்னம் இரண்டும் உள்ளே போகும், கண் வெளியே வரும். எனக்குச் சிரிப்பு வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "சிரிங்க மயினி, யாரும் பிடிச்சுட்டுப் போவ மாட்டாவ" என்பாள். நான் எண்ணிக் கொடுப்பேன். "இருவது பிள்ளையளும் வந்தாச்சா? ஆஜர் எடுத்தாச்சா? ஒண்ணு கொறஞ்சா வாத்திச்சி நம்மள பெஞ்சுல ஏத்திருவா." அந்த வாத்திச்சி நான்தான். ஐந்தாம் வகுப்புப் படித்த வாத்திச்சி.

முந்திரி ஆலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். உடைத்துத் தோல் உரித்து வந்த பருப்பை முழுசு, பாதி, நொறுங்கல் என்று தரம் பிரிக்கிற பிரிவு. கண் பார்க்கும், விரல் தள்ளும், உள்ளே ஒருத்தி எண்ணிக்கொண்டே இருப்பாள். வேலையை விட்டும் அவள் நிறுத்தவில்லை. படியை எண்ணுகிறாள், பாட்டில் எத்தனை சரணம் என்று எண்ணுகிறாள், இப்போது பிழிந்து ஊற்றுகிற தண்ணீரை எண்ணுகிறாள். இரண்டு செம்பு ஆகிவிட்டது. ஆலையில் சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் ஒரு பெண் நிற்பாள். அவள் முன்னால் சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். நான் ஒரு பருப்பு எடுத்ததில்லை. ஆனாலும் உதறினேன். எடுத்தவளும் உதறினாள், எடுக்காதவளும் உதறினாள், உதறாதவள் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. முதல் நாள் உதறியபோது எனக்கு இருபது வயது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். வேண்டாம். சேலையைப் பிழி. மூன்றாவது செம்பு.

"அக்கோ!" என்று வாசலில் சத்தம். மீன்காரி சிலுவம்மா. கூடையை இறக்காமலே நின்றாள். "அயில கெடக்கு, பெரும் அயில. பாதியப் பெரட்டி வச்சா நாலு நாளு ஓடும்." இன்னைக்கு வேண்டாம், ஃபிரிட்ஜ் ஓடல்ல என்றேன். "கெட்டுப்போச்சா?" "இல்ல, போவுது." "எங்க போவுது? அதுக்குக் காலு மொளச்சிருக்கா?" லீலா எடுத்துட்டுப் போறா என்றேன். சிலுவம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த ஈரச் சேலையைப் பார்த்தாள். "அப்போ அந்தப் பிள்ள இனி இங்க வராது" என்றாள். நான் ஈரச் சேலையை மறு கைக்கு மாற்றினேன். "எனக்கு நல்லதுதான். இனி நீங்க தெனமும் எங்கிட்ட வாங்கணும்லா" என்றாள், சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இரண்டு அடி போய்த் திரும்பி, "அந்தப் பிள்ள இருந்தப்போ நான் தெருமுக்குல வரும்போதே அதுக்க சத்தம் கேக்கும் பாத்துக்கிடுங்க. இப்போ நீங்க உள்ள இருக்கியளா இல்லியான்னு கூப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியுது" என்றாள். கூப்பிட்டுப் பார்த்தாலும் நான் வாய் திறக்காத நாட்கள் உண்டு, அது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் ஜெபம் சொல்ல வாய் திறந்தபோதுதான் காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்று தெரிந்தது, தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கேயே விழுந்து கிடந்தால் எத்தனை மணிநேரம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று அன்று கணக்குப் போட்டேன். சிலுவம்மா வாரத்துக்கு மூன்று நாள் வருவாள். அப்படியென்றால் அதிகபட்சம் மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை இடையில் வந்தால் கோயிலில் தேடுவார்கள். தேடுவார்களா, நான் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருகிறவள்.

பதினொன்று, ஒன்பது. ஏழு மாதமாக இந்த இரண்டு எண்ணும் தலைக்குள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருக்கின்றன. போன வருடம் மூன்று பழம் எடுத்து வைத்தோம், இந்த வருடம் ஒன்றும் வைக்கவில்லை. மே பத்தொன்பதாம் தேதி நாலு பாக்கெட். ஜூன் எட்டாம் தேதி ஐந்து. ஜூன் இருபத்தேழாம் தேதி கடைசிப் பழம், பாதியை அணில் தின்றுவிட்டது, இரண்டுதான் தேறியது. மொத்தம் பதினொன்று, இருநூற்று இருபது சுளை. டிசம்பர் ஆறாம் தேதி டெனிசன் வருகிறான். மூன்றாம் தேதி எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. நவம்பரில் லீலாவின் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். நான் கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த மத்தியானம் ஒன்று உண்டு. பாக்கெட் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. கணக்கு தானாகவே வந்து உட்கார்ந்தது. எடுத்தால்தான் என்ன என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகள் தின்னாமல் யார் தின்பது, நாற்பது சுளை, மரம் போன வருடம் காய்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாமல் எடுத்தாளே என்றுதான் தோன்றியது. அவளிடம் கேட்டிருக்கலாம். லீலா, ரெண்டு கொறையுதே. நாலு சொல்கூட இல்லை. அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள், தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசல்வரை போனேன். மெஷின் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. அவள் நிமிர்ந்து, "என்ன மயினி?" என்றாள். ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். மொத்தம் 11. இருப்பது 9. பெயர் எழுதவில்லை, குறை சொல்லவில்லை, இரண்டு எண் மட்டும். அதனால் அது நியாயம் என்று நினைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். எழுதியது நான். அப்படியென்றால் அந்தத் தாள் யாரைப் பார்த்து நின்றது.

அவள் அன்று சாயங்காலம் பால் எடுக்க வந்து அதைப் பார்த்தாள். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை, ஆனால் அவள் கால் தெரிந்தது. கால் நின்றது. எவ்வளவு நேரம் என்று எண்ணினேன், பதினேழு எண்ணும்வரை நின்றது. பிறகு பால் எடுத்துக்கொண்டு போயிற்று. ஐந்தாம் தேதி காலையில், அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வாறேன் மயினி என்று கிளம்பியவள் இருட்டுவதற்கு முன் ஒரு வயர்க்கூடையோடு வந்தாள். மலையோரத்தில் அவள் பெரியம்மா வீட்டில் டிசம்பரில் பழுக்கிற மரம் ஒன்று உண்டு. மூன்று பஸ் மாற வேண்டும். கையில் பிசின் போகவில்லை, சேலையில் கறை. சுளையை எடுத்துத் தட்டில் பரத்தி வைத்தாள், ஒன்றை ஒன்று தொடாமல். காலையில் பார்த்தால் இரண்டு பாக்கெட். எடுத்து எண்ணினேன், இருபது, இருபது. எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டாள், அப்படியென்றால் எடுத்தது உண்மைதான் என்று எனக்குள் இருந்தவள் சொன்னாள். ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தாளில் ஒன்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். பாக்கெட்டில் பெயரை எழுதினேன். டெனிசன் வந்ததும் தாளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேங்க் லாக்கர் மாதிரி வச்சிருக்கியே" என்றான். அந்த ஒரு மாதமும் நான் அவனுக்கு ஒன்பது பாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். லீலா ஒரு சுளை தொடவில்லை. கடைசி நாள் அவன் ஃபிரீசரைத் திறந்து, "இன்னும் ரெண்டு இருக்கே?" என்றான். அது நம்ம மரத்துது இல்ல என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற லீலாவின் கையில் கரண்டி நின்றது. பிறகு கிண்டத் தொடங்கியது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, கடைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது மயினி, பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று சொன்னாள். ஃபிரிட்ஜ் இங்க இருக்கட்டும், உங்களுக்கு ஐஸ் தண்ணி இல்லாம முடியாதுல்லா என்றாள். நான் சரி என்றேன். ஏழு வருடத்துக்கு ஒரு சரி. அவள் போன அன்று மத்தியானம் தாளைக் கிழித்தேன். பிளாஸ்திரியின் பசை கதவில் நாலு இடத்தில் கறுத்துக் கிடக்கிறது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் சக்கைப் பிசின்கூடப் போகும், இது போகமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை தேய்க்கிறேன்.

பத்து நாற்பதுக்கு உள்ளே ஏதோ சரிகிற சத்தம். பின்சுவர் ஐஸில் ஒரு விரிசல், மேலிருந்து கீழ்வரை. செம்பை எடுத்துவிட்டுக் கையை விட்டேன். இழுத்தால் வந்துவிடும்போல இருந்தது, ஆனால் பொறுத்தேன், அவள் சாமானில் கீறல் விழக்கூடாது. ஐஸ் கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அதற்குள் மஞ்சளாக ஏதோ. ஃபிரீசரின் உட்சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பார்களோ என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரம் அதையே நம்பவும் செய்தேன். பிறகு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. துணியின் நெசவு தெரிந்தது. பிளாஸ்திரி. விரலால் தேய்க்கத் தேய்க்க நீல எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. 27. என் ஏழு. நான் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன், ஆலையில் ஒன்றும் ஏழும் குழம்பாமல் இருக்கப் பழகியது. ஜூன் 27. 20 சுளை. அதற்குப் பின்னால் இன்னொன்று, சுவரோடு ஒட்டி. ஜூன் 27. 20 சுளை.

அன்றைக்கு லீலா வீட்டில் இல்லை. ஓணத்துக்குத் தைக்க வேண்டியது இப்போதே வந்து குவிகிறது என்று கடையில் இருந்தாள். நான் தனியாகத்தான் வைத்தேன். முன்பக்கம் ஒன்பது பாக்கெட் அடுக்கியிருந்தது, கலைக்க மனமில்லாமல் இந்த இரண்டையும் சுவரோரமாகச் செருகினேன். கவரை வெளியே துடைத்தேனா, துடைக்கவில்லை, ஈரத்தோடு ஒட்டியிருக்கும், ஒட்டினதன் மேல் ஐஸ் மூடியிருக்கும். எண்ணிக்கை ஞாபகம் இருந்தது, இடம் ஞாபகமில்லை. எண்ணுகிறவளுக்கு இடம் தெரியாது, அவள் வேலை அது இல்லை, ஆலையிலும் பருப்பை யார் எங்கே கொண்டு வைக்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. அக்டோபரில் லீலா சொன்னாள், "மயினி, ஐஸு மண்டிக் கெடக்கு, ஒருநாள் ஆஃப் பண்ணி எடுத்துருவோமா?" நான்தான் வேண்டாம் என்றேன். பழம் கெட்டுப்போகும், டெனிசன் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அன்றைக்கு எடுத்திருந்தால். டிசம்பர் மூன்றாம் தேதி எடுத்திருந்தால். லீலா, ரெண்டு கொறையுதே என்று சொல்லியிருந்தால் அவள் மெஷினை விட்டு எழுந்து வந்து தலையை உள்ளே விட்டு, ஐஸைத் தட்டிப் பார்த்து, மயினி, உங்க பிள்ளையள் ரெண்டு இங்க ஒளிஞ்சிருக்கு என்று சிரித்திருப்பாள். அவள் எடுக்கவில்லை. எடுக்காமலே மூன்று பஸ் மாறிப் போனாள். எடுக்காதவளும் உதறித்தான் காட்ட வேண்டும், உதறாமல் வீட்டுக்குள் இருக்க முடியாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள், நான்தான் தாளில் எழுதி ஒட்டினேன். இருபது வயதில் கிணற்றடியில் நின்று முகம் கழுவினவள் அறுபத்தாறு வயதில் வாசலில் நின்று மடியைப் பார்த்திருக்கிறாள். லீலாவுக்கும் உள்ளே போய் முகம் கழுவ ஒரு கிணறு வேண்டியிருந்திருக்கும். மெஷின் சத்தம் அந்த வாரம் முழுக்க ராத்திரி வரைக்கும் கேட்டதே, நான் கிறிஸ்மஸ் துணி வந்து குவிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றரை. இரண்டையும் எடுத்துச் சருவத்தில் போட்டாயிற்று. நாலு பாக்கெட். மொத்தம் பதிமூன்று என்று உள்ளே இருந்தவள் சொன்னாள், வாயை மூடு என்றேன். யாருக்கும் தெரியாது. இது ஒன்றுதான் இப்போது மண்டைக்குள் நிற்கிறது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தென்னை மூட்டில் ஒரு குழி எடுத்தால் போதும். பக்கத்து வீட்டு ஆடு கவரைக்கூட விட்டு வைக்காது. இன்றைக்கு நான் சுத்தம் செய்யாமல் கொடுத்திருந்தால் லீலா அங்கே போய் ஐஸ் எடுக்கும்போது இதைக் கண்டிருப்பாள், என் கோடு போட்ட ஏழைக் கண்டிருப்பாள். கர்த்தர் அதிலிருந்து தப்புவித்தாரா, அல்லது சொல்லுவதற்கு இதுதான் கடைசி நேரம் என்று எடுத்துக் காட்டுகிறாரா, இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஞானம் போதாது. குறைந்தபட்சம் அந்தப் பெயரையாவது எடுத்துவிட வேண்டும். 'லீலா வைத்தது' என்பதை அவள் மறுபடியும் பார்க்கக் கூடாது. மறுபடியும் என்றால், முன்பே பார்த்தாளா? டிசம்பர் ஆறிலிருந்து ஜனவரி இருபத்தெட்டு வரை, ஐம்பத்து மூன்று நாள், தினமும் இரண்டு தடவையாவது திறந்திருப்பாள். நகத்தால் சுரண்டினேன். பசை இறுகிவிட்டது. எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். மை பரவி எழுத்து இன்னும் பெரிதாயிற்று. கவரோடு கிழித்துவிடலாம் என்று கத்தி எடுக்கத் திரும்பும்போது தெருவில் வண்டி நின்றது. பன்னிரண்டு நாற்பது. சீக்கிரம் வந்துவிட்டாள். இருபது நிமிடம் குறைகிறது.

"என்ன மயினி, அடுக்களையில ஆறு ஓடுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். மெலிந்திருக்கிறாள். பின்னால் டிரைவரும் இன்னொரு ஆளும் கயிற்றோடு. நான் முக்காலியிலிருந்து எழுந்தேன், கையில் எண்ணெய். ஒரு சொட்டு ஈரமில்லாமல் கொடுக்க நினைத்தது, கீழ்த்தட்டில் இன்னும் தண்ணீர் நின்றது. அவள் குனிந்து உள்ளே பார்த்து, "புதுசு மாதிரி ஆக்கிட்டியளே" என்றாள், நிமிரும்போது மேசையைப் பார்த்தாள். கால் நின்றது. இந்தத் தடவை நான் எண்ணவில்லை என்று சொல்ல ஆசை. ஒன்பது வரை எண்ணினேன். அவள் சருவத்தின் பக்கத்தில் போய் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் அடுத்தது. ஜூன் இருபத்தேழு. "ஐஸுக்குள்ள இருந்துது" என்றேன். "பதினொண்ணும் இருந்துது லீலா. நான்தான் வச்ச இடத்த மறந்துட்டேன்." ஆட்கள் ஃபிரிட்ஜைச் சாய்த்துக் கயிறு போட்டார்கள், நிலைப்படி பாத்து, அந்தப் பக்கம் தூக்கு என்று ஒருவருக்கொருவர் சத்தம் போட்டார்கள். அது கதவைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் சுவரோடு ஒதுங்கி நின்றோம். பிறகு அவள், "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மயினி" என்றாள். "வாசல் வரைக்கும் வந்தியள். நான் என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னியள்." அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறது. மெஷின் நின்றது, நிமிர்ந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு வரல்ல என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்க வரல்ல, எழுதத்தான் வந்தது. "ஆமா. நல்லாத்தான் எழுதினியள்" என்றாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையாகவும் இருக்கலாம், அடுக்களை புழுக்கமாகத்தான் இருந்தது. பிறகு சருவத்துக்குள் கைவிட்டு இரண்டு பாக்கெட்டை எடுத்தாள். அவள் வைத்ததைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. என் எழுத்து இருந்த இரண்டையும் எடுத்தாள், ஜூன் இருபத்தேழை. "இத நான் எடுத்துக்கிடுகேன் மயினி. எடுத்தவ பேரு எனக்குத்தானே. ஒருநாளாவது எடுக்கணும்லா." தண்ணீர் அவள் முழங்கை வழியாக வடிந்தது. நான் தலையாட்டினேன். அவள் முற்றத்தில் இறங்கிவிட்டாள். வண்டியின் பின்னால் ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது, கதவில் நாலு கறுப்புப் புள்ளி, வாசலிலிருந்துகூடத் தெரிந்தது. இப்போது விட்டால் இனி இல்லை என்று தெரிந்தது, ஏழு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அந்த ஒன்று என்ன, அதற்கு என்ன சொல், உட்காரு, இரு, போகாதே, இவற்றில் எது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "லீலா, இன்னும் நாப்பது சுளை கெடக்கே, நான் ஒருத்தி எப்பிடித் தின்ன?" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான். அவள் முன்சீட்டில் ஏறி, பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எண்ணித் தின்னுங்க மயினி" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அடுக்களை மூலையில் தரை சதுரமாக வெளுத்துக் கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் ஈரம். சத்தமே இல்லை. மணி ஒன்று பத்து. உருகினதை மறுபடியும் வைக்க இனிப் பெட்டியும் கிடையாது, இன்றைக்கே தின்றாக வேண்டும். 'லீலா வைத்தது' என்று எழுதிய கவரைப் பிரித்தேன். சுளைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, தனித்தனியாக வந்தன, அவ்வளவு அவசரத்திலும் முறை தப்பாமல் வைத்திருக்கிறாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மேலே குழைந்திருந்தது. நடுவில் இன்னும் ஐஸ், கடைவாயில் பட்டுக் கூசியது. இனிப்பு, நம் மரத்துப் பழத்துக்கு ஒரு குறைவும் இல்லை. எண்ணித் தின்னுங்க என்று பழைய மாதிரி கேலியாகச் சொன்னாளா, அல்லது வேறு மாதிரியா. முகம் சிரித்த மாதிரி இருந்தது, வெயில் கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம். குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், சொல்தான் வந்தது, குரல் வரவில்லை. இரண்டாவதை எடுத்தேன்.